விளக்கேற்றாத வெள்ளிக்கிழமைகள்: ஒரு லாலாங் தீக்குப் பிறகு

தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி இருக்கும். மலேசியாவில், பினாங்கு பெருநிலத்தில், செபராங் பிறையின் தென்பக்கம் உள்ள ஒரு பழைய தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லைனுக்குப் பின்னால் லாலாங் புல் தீப்பிடித்தது. காற்று லைன் பக்கமாக அடித்தது. பொம்பா எனும் தீயணைப்புத் துறையின் வண்டி வந்து சேர்வதற்குள் ஒன்பது வீடுகளில் ஐந்து முழுதாகப் போய்விட்டன, இரண்டு பாதி எரிந்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஏழு குடும்பங்கள், 31 பேர், உடுத்திய துணியோடு ரோட்டோரம் நின்றார்கள்.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கடைசி சில வருடங்கள் மாணவர் ஆலோசகராக இருந்தேன். அன்று சாயங்காலம் கோயில் தலைவர் போன் செய்து, "டீச்சர், பிள்ளைங்க ரொம்ப பயந்து போயிருக்கு, கொஞ்சம் வந்து பேசுங்க" என்றார். போனேன். அப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் அந்தக் குடும்பங்களோடு போக்குவரத்து இருந்தது. அந்த ஒரு வருடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்றார்கள், அதனால் அவை இல்லை.

காட்டுத்தீ என்றதும் நமக்கு ஆஸ்திரேலியாவும் கலிபோர்னியாவும்தான் ஞாபகம் வரும். நம் பக்கம் எரிவது பெரும்பாலும் லாலாங்கும், மக்கிய தாவரம் படிந்த கரிநிலமும். வருட ஆரம்பத்தில் வடக்கு மாநிலங்களில் மழை குறைந்துவிடும். கைவிட்ட தோட்ட நிலத்தில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் லாலாங், மேலே காய்ந்த தாளாகக் கிடக்கும். யாரோ குப்பை கொளுத்தினாலே போதும். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது, இருந்தும் கொளுத்துகிறார்கள். செய்தியில் இது இரண்டு வரி. வேலியை ஒட்டி வீடு வைத்திருப்பவருக்கோ, இதுவும் கலிபோர்னியாத் தீயும் ஒன்றுதான்.

லாலாங்குக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் கிழங்கு மண்ணுக்கடியில் ஓடுவதால் தீயில் சாகாது. இரண்டாவது வாரமே கருகிய நிலத்தில் ஊசி ஊசியாகப் பச்சை முளைத்துவிட்டது. "எங்க வீடு போயிடுச்சு, இது மட்டும் எப்படி டீச்சர் வருது?" என்று ஒரு பெண் கேட்டார். இந்தக் கட்டுரை முக்கியமாக அவரைப் பற்றியதுதான். அவரை அக்கா என்றே எழுதுகிறேன். எனக்கு வயதில் இளையவர்தான், ஆனால் லைனில் எல்லோருக்கும் அவர் அக்கா.

முதல் ஒரு வாரம்

கோயில் மண்டபத்தைத் தற்காலிக நிவாரண மையமாக்கினார்கள். உதவி ஒரு வகையில் வெள்ளமாக வந்தது. சமூக நலத்துறையான ஜேகேஎம் மெத்தையும் போர்வையும் கொண்டுவந்தது. பக்கத்து சூராவ் தொழுகை இல்லத்திலிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் வந்தன. சீனக் கோயில்காரர்கள் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள். துணி மட்டும் மண்டபத்தின் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்தது. அதைப் பிரித்து அடுக்கவே நான்கு பேர் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள்.

வராத பொருள்களைச் சொல்கிறேன். உள்ளாடை. சானிட்டரி பேட். இரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின். மூக்குக் கண்ணாடி. எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தாவின் பல்செட் வீட்டோடு எரிந்துவிட்டது. தினமும் சோறும் கோழிக்குழம்பும் பொட்டலம் பொட்டலமாக வந்தன. அவர் வாங்கி, பிரித்து, குழம்பை மட்டும் விரலால் தொட்டு நக்கிவிட்டு மூடி வைத்துவிடுவார். கேட்டால் "பசியில்லமா" என்பார். துக்கத்தில் சாப்பிடவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மூன்றாம் நாள் அவர் வாயைத் திறந்து கொட்டாவி விட்டபோது ஒரு பேரப்பிள்ளைதான், "தாத்தாக்கு பல்லு இல்ல!" என்று கத்தினான். அன்றிலிருந்து அவருக்குக் கஞ்சி. இரண்டரை நாள் ஒரு பெரியவர் எங்கள் கண்முன்னே பட்டினி கிடந்திருக்கிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே வேலை சொல்கிறது. பார், கேள், உரிய உதவியோடு இணை. அந்தப் பயிற்சியை நான் எடுத்திருக்கிறேன், சான்றிதழ்கூட வீட்டில் இருக்கிறது. ஆனாலும் பல்செட்டை நான் பார்க்கவில்லை. மனசைப் பார்க்க வந்தவளுக்கு வாயைப் பார்க்கத் தோன்றவில்லை.

இன்னொரு தவறும் நடந்தது. இரண்டாம் நாள் நல்ல மனதோடு வந்த சில இளைஞர்கள் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "நேத்து என்ன பார்த்தீங்களோ அதை வரைங்க" என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் ஆரஞ்சு கிரேயானை எடுத்துத் தாள் கிழியும்வரை அழுத்தித் தேய்த்தான். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்த இடத்தில் சிறுநீர் கழித்துவிட்டான். உடனே நிறுத்தச் சொன்னேன். நடந்ததைச் சொல் சொல் என்று வற்புறுத்தக்கூடாது என்பது அதே கையேட்டில் தெளிவாக இருக்கிறது. சொல்ல வந்தால் கேட்கலாம், தோண்டக்கூடாது. அந்தப் பையனுக்கு உதவியது பள்ளிக்கூடம்தான். திங்கட்கிழமையே கடன் வாங்கிய சீருடையில் பள்ளிக்கு அனுப்பினோம். வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டை ஆபீசுக்குக் கொண்டுபோகும் வேலையை அவனிடம் கொடுத்தார். படுக்கையை நனைப்பது ஒன்றரை மாதத்தில் நின்றுவிட்டது.

பெரியவர்களிடம் நாங்கள் அதிகம் சொன்ன வாக்கியம், "உயிர் தப்பிச்சதே பெரிய விஷயம்". உண்மைதான். ஆனால் அதைக் கேட்டவர் அடுத்த வார்த்தை பேசமாட்டார் என்பதைக் கவனித்தேன். உயிர் இருக்கிறதே, அப்புறம் தையல் மெஷினுக்காக அழலாமா என்று அவரே வாயை மூடிக்கொள்வார். அந்த வாக்கியத்தை மூன்றாம் நாளுக்குப் பிறகு நான் சொல்வதில்லை. "மெஷின் எத்தனை வருஷமா வச்சிருந்தீங்க?" என்று கேட்பேன். அப்போது பேசுவார்கள்.

சாம்பலுக்குள் தேடப் போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் செருப்போடு போய்விடுகிறார்கள். பொம்பா அனுமதி கொடுத்த பிறகே போனோம். மூடிய காலணி, கையுறை, என்95 முகக்கவசம். சாம்பலைக் காய்ந்தபடி கூட்டக்கூடாது, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அள்ள வேண்டும். பழைய லைன் வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கும், அதை உடைக்காமல் விட்டுவிடுவது நல்லது. சூட்டில் கிடந்த டின் உணவையும் மருந்தையும் தூக்கிப் போட்டோம். பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை.

அக்காவுக்கு அந்தச் சாம்பலில் கிடைத்தது ஒரு காமாட்சி விளக்கு. கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கொடுத்தது. கரி பிடித்து, அடிப்பாகம் ஒரு பக்கமாக நெளிந்திருந்தது. அவர் அதை முந்தானையில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டார். எல்லோரும் அதைப் பார்த்துக் கண்கலங்கினோம், அம்மனே காப்பாற்றிக் கொடுத்தாள் என்றோம். அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம்

அக்காவுக்கு 54 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை. மண்டபத்தில் இருந்த நாட்களில் 31 பேருக்கும் டீ, கஞ்சி, இரவுச் சாப்பாட்டுப் பங்கீடு எல்லாம் அவர் மேற்பார்வைதான். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காரம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். மைகார்டு அடையாள அட்டை தொலைந்தவர்களைக் கூட்டிக்கொண்டு முதலில் போலீஸ் ரிப்போர்ட், பிறகு பதிவிலாகா என்று அலைந்ததும் அவர்தான். அடுப்பை மூட்டுவது மட்டும் எப்போதும் கோயில் சமையற்காரர் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அக்கா தன் மகளோடு ஒரு மலிவு விலை ஃபிளாட்டின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருந்தார். நிதி கொடுப்பவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது. துணிமூட்டைகளும் நின்றன, போன் அழைப்புகளும் நின்றன. சரியாக ஆறாவது வாரம் மகள் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், அம்மா அடுப்பே பத்த வைக்க மாட்டேங்குறாங்க."

போய்ப் பார்த்தேன். வீட்டில் ரொட்டியும் கடையில் கட்டி வாங்கிய மீகூனும். கேஸ் தோம்பு வாசலுக்கு வெளியே, நடைபாதையில். ராத்திரி ஆறேழு முறை எழுந்து போய் அதன் வால்வைத் தொட்டுப் பார்க்கிறாராம். மின்விளக்கை அணைத்தால் தூக்கம் வருவதில்லை. மருமகனின் வாட்ஸ்அப்பில் அந்தத் தீயின் வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது பார்த்தால், சத்தத்தை மட்டும் கேட்டு அக்கா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வேலைக்கு நீண்ட விடுப்பு. கோயிலுக்குப் போனால் தீபாராதனை நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார். சாம்பிராணி வாசனை வந்தாலே கை நடுங்குகிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தீயைப் பார்த்துப் பயப்படும் ஒருவருக்கு, ஒரு தமிழ் வீட்டில் ஒதுங்க இடம் ஏது? விடிந்தால் விளக்கு, கோயிலில் கற்பூரம், சாவு வீட்டில் நெய்ப்பந்தம், நல்ல நாளில் பொங்கல் அடுப்பு. வேறு ஏதாவது பயமாக இருந்தால் ஒதுங்கிப் போகலாம். இவர் ஒதுங்க ஒதுங்க, வீட்டிலிருந்தும் கோயிலிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் சேர்த்தே ஒதுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் நல்லெண்ணத்தில் பேட்டரி விளக்கு ஒன்று வாங்கித் தந்தார். அக்கா அதைப் பிரிக்கவே இல்லை.

மகள் கடைக்குப் போன நேரத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அக்கா, அந்த வெள்ளிக்கிழமை காலையில என்ன பண்ணீங்க?" தீயைப் பற்றிக் கேட்கவில்லை. காலையைப் பற்றித்தான்.

வெகுநேரம் கழித்துச் சொன்னார். காலை ஐந்தரைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அணைத்துவிட்டுப் போனோமா இல்லையா என்று ஞாபகம் இல்லை. "நான் ஏத்தின விளக்குதான் டீச்சர். ஏழு குடும்பத்தை நான்தான் கொளுத்திட்டேன். அதான் அம்மன் அந்த விளக்க மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்தா."

ஆறு வாரம் அவர் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு 31 பேருக்கும் கஞ்சி ஊற்றியிருக்கிறார்.

பொம்பா அறிக்கை

"அப்படியெல்லாம் இல்லக்கா, தீ வயல்லேர்ந்து வந்துச்சு" என்று நான் சொல்லியிருக்கலாம். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். தீ விபத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர் விண்ணப்பித்தால் பொம்பாவிடமிருந்து சம்பவ அறிக்கை பெறலாம், காப்புறுதிக்கும் உதவித்தொகைக்கும் அது தேவைப்படும். ஒரு குடும்பம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய், மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று மெதுவாகப் படித்துக் காட்டினேன். தீ முதலில் புல்வெளியில் பிடித்து, பிறகு லைனின் கடைசி வீட்டுக்குப் பரவியது என்று அதில் இருந்தது. அக்காவின் வீடு நடுவில்.

அவர் அழவில்லை. அந்தத் தாளை வாங்கி, தேதியையும் முத்திரையையும் விரலால் தடவினார். பிறகு தானே கணக்குப் போட்டார்: "காலையில ரெண்டு கரண்டி எண்ணெய்தான் ஊத்துவேன். அது மத்தியானம் ரெண்டரை வரைக்குமா நிக்கும்?"

காரணத்தைத் தெளிவாகச் சொல்வதும் ஒரு சிகிச்சை என்பதை நான் அன்றுதான் கற்றேன். ஏழு குடும்பத்தில் ஒருவரிடமும் அதுவரை யாரும், தீ எப்படி வந்தது என்று உட்கார்ந்து சொன்னதில்லை. அறிக்கை கோப்பில் இருந்தது. பிறகு விசாரித்ததில் இன்னொரு வீட்டில் ஒரு பையனும் தான் குடித்துப்போட்ட சிகரெட்டுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

குற்ற உணர்ச்சி இறங்கியதே தவிர, உடம்பின் பயம் அப்படியே இருந்தது. பெரிய ஆபத்துக்குப் பிறகு தூக்கமின்மை, திடுக்கிடுதல், வெறித்துப் பார்த்தல் எல்லாம் முதல் சில வாரம் இயல்பு, பெரும்பாலோருக்குத் தானாகவே குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், வேலையையும் சாப்பாட்டையும் தடுத்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அந்தக் கோடு தாண்டியிருந்தது. அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போனோம். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. இரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. தீயில் எரிந்த மாத்திரையை அவர் திரும்ப வாங்கவே இல்லை. டாக்டர் மாத்திரை எழுதி, மனநல ஆலோசனைக்கும் அனுப்பினார்.

முதல் ஆலோசனை வீணானது. ஆலோசகர் அன்பானவர், ஆனால் மலாய் மட்டும் பேசுபவர். மகள் மொழிபெயர்த்தார். மகள் முன்னால் அக்கா எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்றே சொன்னார். அடுத்த முறை மகளுக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன், அப்போதுதான் பேச்சு வந்தது. வீட்டு ஆளை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள் என்று இதைப் படிக்கும் தொண்டூழியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

போனில் பேச விரும்புகிறவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே 15999. பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. இந்த மூன்றையும் ஒரு அட்டையில் தமிழில் அச்சிட்டு, காலண்டருக்குப் பின்னால் ஒட்டச் சொல்லி ஏழு வீட்டிலும் கொடுத்தோம். இரண்டு பேர் கூப்பிட்டதாகச் சொன்னார்கள். அக்கா கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை முறை

"மன ஆறுதல் கூட்டம்" என்று நான் முதலில் ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்தேன். வந்தது ஒருவர், அதுவும் என் மனசு நோகக்கூடாதே என்று வந்தவர். அப்புறம் லைனின் பெண்களே ஒரு யோசனை சொன்னார்கள். மூன்று ஃபிளாட், இரண்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) என்று சிதறிவிட்டோம், வெள்ளிக்கிழமைக்கு ஒரு வீடு என்று முறை வைத்து விளக்குப் பூசை செய்வோம். பூசை அரை மணி. அப்புறம் சுண்டல், டீ, பேச்சு இரண்டு மணி நேரம். யாருக்கு எந்தப் பாரம் நிரப்ப வேண்டும், யாருக்கு வாடகை பாக்கி, யார் தூங்கவில்லை, எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் வெளியே வரும்.

அக்காவின் படிகளை அவரே முடிவு செய்தார். ஆலோசகர் சொன்னதும் அதுதான்: வேகத்தை அவர் கையில் விடுங்கள். முதல் வெள்ளி அவர் கதவுக்கு வெளியே நின்றார். அடுத்த முறை புளி போட்டு விளக்குகளைத் துலக்கிக் கொடுத்தார், ஏற்றும்போது வெளியே போய்விட்டார். பிறகு எண்ணெய் ஊற்றுவார், திரி போடுவார், வேறு ஒருவர் ஏற்றுவார். நடுவில் ஒரு வாரம் எல்லாம் பின்னால் போனது, பக்கத்துத் தாமானில் யாரோ குப்பை எரித்த புகைதான் காரணம். இரண்டு வெள்ளி வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சுண்டலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அவர் முறை வந்தது ஐந்தாவது மாதம். நெளிந்த காமாட்சி விளக்கைத் துலக்கி வைத்திருந்தார். அடி கோணலாக இருந்ததால் எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்தது. பத்து காசு நாணயம் இரண்டை அடியில் வைத்துச் சரிசெய்தார். தீப்பெட்டியை மூன்று முறை உரசினார், மூன்றும் கையிலேயே அணைந்தன. நான்காவது குச்சி பிடித்தது. பூசை முடியும்வரை விளக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பூவால் அமர்த்தி, புகை நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்து, பிறகுதான் டீ குடிக்க வந்தார்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7ஆம் தேதி 173 பேரைப் பலிகொண்ட தீக்குப் பிறகு, மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஊர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். உள்ளூர்க் குழுக்களில் இருந்தவர்களின் மனநலம் பொதுவாக மேலாக இருந்தது. ஆனால் அளவுக்கு மீறிப் பல குழுக்களில் இருந்தவர்களுக்கு அந்த நன்மை தொடரவில்லை. அதைப் படித்தபோது எனக்கு மண்டபத்தில் கரண்டியோடு நின்ற அக்காதான் கண்ணில் வந்தார். இப்போது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு முறையோ, அவர் அன்று சமைக்கக்கூடாது.

ஆண்களைப் பற்றி எனக்கு நிறைவு இல்லை. பூசைக்கு அவர்கள் வரவில்லை. மிஞ்சிய வீடுகளுக்குப் பின்னால் புல் வெட்டி மண்ணைத் திறந்துவிடும் கோத்தோங் ரோயோங் கூட்டு வேலைக்கு எல்லோரும் வந்தார்கள், வேலை செய்துகொண்டே கொஞ்சம் பேசினார்கள். ஒருவர் குடிக்க ஆரம்பித்தார், இன்னும் விடவில்லை. இரண்டு குடும்பங்கள் கெடாவுக்குக் குடிபெயர்ந்தன. முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை போன் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஊரை விட்டுப் போனவர்களைத்தான் அதிகம் விசாரித்திருக்க வேண்டும். இருக்கிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை இருந்தது, அவர்களுக்கு என் போனைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த மாதம் மறுபடி அழைத்தேன். ஒரு எண் வேலை செய்யவில்லை. மற்றவர் வீட்டுக்கு அடுத்த வாரம் அக்காவும் நானும் போகிறோம்.

இந்த வருட வெயில் தொடங்கிய பிறகு ஒருநாள் மதியம் அக்கா போன் செய்தார். கேண்டீனிலிருந்து பேசினார், பின்னால் எண்ணெய்ச் சட்டியின் சத்தம் கேட்டது.

"டீச்சர், கம்பெனிக்குப் பின்னாடி லாலாங் எரியுது. 999க்கு அடிச்சிட்டேன். வந்துக்கிட்டு இருக்காங்க. கை நடுங்குது, அதான் உங்களுக்குப் போன் பண்ணேன். பொம்பா வர்ற வரைக்கும் சும்மா பேசிக்கிட்டு இருங்க."

பேசிக்கொண்டிருந்தோம். இந்த வெள்ளிக்கிழமை யார் வீடு, சுண்டலா பயறா என்று. பதினோரு நிமிடம் கழித்துச் சைரன் சத்தம் கேட்டது.